அம்மாவின் கைப்பையில் ஒரு பிளக்

பிரபு,

முதலில் சாப்பிடு. ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது, சட்னி ஃப்ரிட்ஜில். வெறும் வயிற்றில் இதைப் படித்தால் உனக்குக் கோபம் வரும். சாப்பிட்ட பிறகும் வரும். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். வாசலில் ஸ்கூட்டரைக் காணோம் என்று தெருவுக்கு ஓடாதே. திருட்டுப் போகவில்லை. எங்கே என்று கடைசியில் சொல்கிறேன், அதற்காக நேராகக் கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே. மாடியில் நீ, கீழே நான், நடுவில் பதினேழு படி. இருந்தும் பெற்ற பிள்ளைக்குக் கடிதம் எழுத வேண்டிய நிலைக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாய். பதின்மூன்று நாளாக ஆபீஸிலிருந்து வருகிறாய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் படி ஏறுகிறாய், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் வேண்டாம் என்கிறாய். நான் வாயைத் திறந்தால் "அப்பா, ப்ளீஸ்" என்கிறாய். அந்த ப்ளீஸுக்கு வாயை மூடு என்று அர்த்தம் என்பது தெரியாத அளவுக்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.

இதில் ஒரு பிரதி உனக்கு. இன்னொன்றை உங்கள் இத்தாலி வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லி, அந்தக் குழுவை நடத்தும் டேவிட்டிடம் கொடுக்கப்போகிறேன். அப்பா என் மானத்தை வாங்கிவிட்டார் என்று குதிக்காதே. இதில் போகிற மானத்தில் முக்கால்வாசி என்னுடையது. நாலு பேர் நடுவில் சொன்ன பொய்யை நாலு பேர் நடுவில்தான் திருப்பி எடுக்க வேண்டும். வீட்டுக்குள் முணுமுணுத்தால் அது திருத்தமாகாது. வண்டியின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுத மாட்டேன். எழுதினால் உங்கள் ஆட்கள் விஷயத்தை விட்டுவிட்டு, எந்த மாடல், எந்த வருடத்து கார்புரேட்டர் என்று சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். இத்தாலிக்காரன் வரைந்து கொடுத்து நம் ஊரில் பூட்டிய ஸ்கூட்டர், இடது கையைத் திருகினால் கியர் விழும், காலால் உதைத்தால் ஸ்டார்ட் ஆகும், அதாவது அதற்கு மனது இருந்தால் ஆகும். இவ்வளவு போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பூந்தமல்லி தாண்டி, வெளிவட்டச் சாலை ஓரத்து டீக்கடையில் நீங்கள் வாராவாரம் கூடுகிறீர்கள் என்று தெரியும். அன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். "முதல் ஓனர் வரணும்பா, எல்லாரும் கேக்கறாங்க" என்றாய். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். இஸ்திரி போட்ட சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வந்தேன். போனால், பழைய வண்டிக்காரர்கள் வேப்பமரத்தடியில், புது வண்டிக்காரர்கள் எதிர்ப்பக்கம் வெயிலில், நடுவில் டீ கிளாஸ்கள். சம்பந்திச் சண்டைக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தது. பழசு கைவேலைப்பாடு, புதுசு அச்சில் வார்த்த பிளாஸ்டிக் என்று உங்கள் ஆள் ஒருவர். உங்கள் வண்டியில் பிரேக் பிடித்தால் நிற்பதற்குள் அடுத்த ஸ்டாப்பிங் வந்துவிடும் என்று எதிர்க்கட்சி. மழையில் வழுக்காமல் சக்கரத்தைப் பார்த்துக்கொள்ள உள்ளே கம்ப்யூட்டர் இருக்கிறது என்று அவர்கள். வழியில் கெட்டால் கம்ப்யூட்டரைத் திறந்து சரிசெய்வாயா, எங்களுக்கு ஒரு ஸ்பேனர் போதும் என்று நீங்கள். இந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது.

அப்போது நீ அந்த 'ஆன்மா'வை எடுத்தாய். பழைய வண்டிக்கு ஆன்மா உண்டு, புதுசுக்குக் கிடையாது என்று சொன்னாய். எதிர்ப்பக்கத்தில் தன் சிவப்பு இத்தாலி பைக்கில் சாய்ந்து நின்றிருந்த நிவேதா, உனக்கு நிச்சயம் பண்ணியிருக்கும் பெண், சிரித்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, ஆன்மா ஆன்மாங்கறீங்களே, கீழ ஆயில் ஒழுகுதே, அதைச் சொல்றீங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீங்கள் இரண்டு பேரும் அந்த மரத்தடியில் பழசா புதுசா என்று சண்டை போட்டே பழகியவர்கள், எனக்குத் தெரியாதா? ஈரோட்டிலிருந்து வந்து, முகப்பேரில் இரண்டு தோழிகளோடு ஃப்ளாட் எடுத்துத் தங்கி, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்து, நாலு வருடம் சனிக்கிழமைகூட லீவு எடுக்காமல் உழைத்து அந்த வண்டியை வாங்கிய பெண். உனக்குச் சரியான ஜோடி என்று அம்மா முதல் நாளே சொன்னாள்.

சிரித்த கையோடு அவள் ஸ்கூட்டரிடம் வந்து, "ஒருக்கா நான் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டாள். ஆசையாகத்தான் கேட்டாள். நீ சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாய்: "அது உன்னால முடியாது. எங்கப்பா இருபத்திரண்டு வருஷம் ஓட்டினார், ஒரு நாள்கூட ரோட்ல நின்னதில்ல. இந்த வண்டிக்கு எங்கப்பா கை மட்டும்தான் தெரியும். இப்ப என் கை." ஆட்கள் கை தட்டினார்கள். கை தட்டல் கேட்டதும் உனக்கு வேகம் வந்துவிட்டது. ரிசப்ஷனுக்கு இந்த ஸ்கூட்டரில்தான் வரப்போகிறோம், நிவேதா பின்னால் உட்கார்ந்து வருவாள் என்றாய். கல்யாணத்துக்கு அப்புறம் சிவப்பு வண்டியைக் கொடுத்துவிடப்போகிறோம், ஒரு வீட்டில் இரண்டு இத்தாலிக்காரி எதற்கு என்றாய். யார் கொடுக்கப்போகிறார்கள்? யாருடைய வண்டி? அவள் முகத்தைப் பார்த்தாயா நீ? நான் பார்த்தேன். டீ கிளாஸைக் கொண்டுபோய்க் கடைக்காரரிடமே வைத்தாள், ஹெல்மெட்டை மாட்டினாள், போய்விட்டாள். அன்றிலிருந்து உன் போனை எடுக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை அவள் அப்பா ஈரோட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டு, "பொண்ணு கொஞ்சம் யோசிக்கோணும்ங்கறாளுங்க" என்றார். அந்த மனிதர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். மண்டபத்துக்குச் சொல்லி, பத்திரிகை அடித்து, இன்னும் ஐந்து வாரம்கூட இல்லாத கல்யாணம் ஒரு டீக்கடைப் பேச்சில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் என் பங்கு என்ன என்று கேட்கிறாயா? நீ அந்தப் பேச்சைப் பேசியபோது நான் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட ரோட்டில் நின்றதில்லை என்று நீ சொன்னபோது பெருமையாகத் தலையாட்டினேன். அது நான் சொல்லிக் கொடுத்த பொய். நீ சின்னப் பிள்ளையாக இருந்ததிலிருந்து சொல்லிச் சொல்லி, கடைசியில் எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய வண்டியைப் பற்றிக் குறை சொல்ல எந்த ஆண்பிள்ளைக்கு வாய் வரும், சொல்.

உண்மை என்ன தெரியுமா? அது நிற்காத இடம் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் எதுவும் இல்லை. பட்டாபிராம் ரயில்வே கேட்டில் நின்றிருக்கிறது, கேட் திறந்த பிறகு. உன் சித்தப்பா கல்யாணத்துக்குப் போகும்போது, பட்டுப்புடவையோடு, திருமுல்லைவாயில் ரோட்டில் நின்றிருக்கிறது. நின்றவுடன் நான் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவேன்: "எறங்கு." அம்மா இறங்குவாள். முன்னால் நிற்கும் உன்னை இறக்குவாள். நான் வண்டியை எஞ்சின் பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, ஏதோ பெரிய வைத்தியம் பார்க்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உதைப்பேன். பத்து உதை, பதினைந்து உதை. ஆகாது. உடனே நான் வண்டியைத் திட்ட மாட்டேன், அம்மாவைத் திட்டுவேன். கிளம்பும்போதே நேரமாக்கிவிட்டாய் என்பேன். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அதில் குதிரையும் நானே. அம்மா கைப்பையைத் திறப்பாள். குங்குமச் சிமிழ், பஸ்ஸுக்குச் சில்லறை, உனக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம், அதற்கெல்லாம் அடியில் துணியில் சுற்றி எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற ஸ்பார்க் பிளக் ஒன்று, மடித்த உப்புத்தாள் ஒன்று. பிளக்கை நீட்டுவாள். மாட்டினால் ஸ்டார்ட் ஆகும். பழைய பிளக்கை அவளே வாங்கி, கரியை உப்புத்தாளில் தேய்த்து, ஊதி, துணியில் சுற்றித் திரும்ப உள்ளே வைத்துக்கொள்வாள். அடுத்த தடவைக்கு. இருபத்திரண்டு வருடம் அந்த வண்டி வீடு வந்து சேர்ந்தது இப்படித்தான். எந்த ஊரில், எந்தப் பெண்பிள்ளை கைப்பையில் பிளக் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போவாள்? அது எனக்கு ஒரு நாளும் விசித்திரமாகத் தோன்றவில்லை. அவள் எதற்காக, எப்போதிலிருந்து அதை வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதே இல்லை.

இனி எழுதப்போவது எழுதக் கூசுகிறது. அதனால் வேகமாக எழுதிவிடுகிறேன். உனக்கு நாலு வயது. அப்போது ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். முகப்பேரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலைக்கு அம்மாவைக் கூப்பிட்டார்கள். டைப்பிங் இரண்டு மொழியிலும் முடித்தவள், கேட்டவுடன் கொடுத்தார்கள். உன்னையும் அதே பள்ளியில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். ஒரே சிக்கல், அந்த நேரத்துக்குச் சரியான பஸ் இல்லை, இரண்டு பஸ் மாற வேண்டும். ஸ்கூட்டர் வாரநாளில் வீட்டில் சும்மாதான் நிற்கும், ஃபாக்டரிக்கு நான் சைக்கிளில் போய்விடுவேன். அம்மா கேட்டாள்: "எனக்கு இந்த வண்டிய கத்துக்குடுங்களேன். நானே ஓட்டிகினு போய்ட்டு வந்துட்றேன். புள்ளைய முன்னால நிக்க வச்சிக்கிறேன்." அம்பத்தூரில் பிறந்து வளர்ந்து, அவள் அப்பாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டவள், அவளுக்குப் பயம் கிடையாது. சரி என்றேன். குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நாலு நாள் சாயங்காலம் சொல்லிக் கொடுத்தேன். கியர் பிடிபட்டுவிட்டது. ஐந்தாம் நாள், நான் உதைத்து உதைத்து வேர்த்துப்போய் நிற்கிறேன், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஆட்கள் நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். "நவுருங்க, நான் பாக்கறேன்" என்று புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு உதை உதைத்தாள். ஒரே உதை. வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது, பிரபு. அந்த நாலு பேரில் ஒருவர் சிரித்துவிட்டார். மறுநாள் காலை ஃபாக்டரிக்குக் கிளம்பும் முன், வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து, பிளக்கைக் கழற்றி என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். சாயங்காலம் வந்தால் அம்மா, "நாலு வாட்டி ஒதச்சேன், ஸ்டார்ட்டே ஆவல" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்ப் பிளக்கை மாட்டிவிட்டு, அவள் எதிரிலேயே உதைத்துக் காட்டினேன். அன்றைக்கென்று அது மூன்றாவது உதையில் ஆகித் தொலைத்தது. "பாத்தியா, இந்த வண்டிக்கு என் கை மட்டும்தான் தெரியும்" என்றேன். ஒரு வாரம், தினமும், காலையில் கழற்றுவேன், சாயங்காலம் மாட்டுவேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு வாரம்தான் டைம் கொடுத்திருந்தார்கள். அந்த வாரக் கடைசியில் அம்மா போய், வர முடியாது என்று சொல்லிவிட்டு வந்தாள். நான் பிளக்கை மாட்டினேன், அப்புறம் கழற்றவில்லை. நீ டீக்கடையில் கைதட்டல் வாங்கிய வாக்கியம் அப்படிப் பிறந்தது. பரம்பரைப் பெருமை என்று நீ எடுத்து வீசியது உன் அப்பனின் திருட்டுத்தனம்.

போன புதன்கிழமை நீ ஆபீஸ் போன பிறகு நிவேதா நம் வீட்டுக்கு வந்தாள். உனக்கு இது தெரியாது. கூறைப்புடவை ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரச் சொல்லி அம்மா முன்னாலேயே கூப்பிட்டிருந்தாள். "வாரேன்னு சொல்லியிருந்தேனுங்க அத்தை, அதான் வந்தேன்" என்றாள். கல்யாணமே ஆட்டத்தில் இருக்கும்போது சொன்ன நாளில் ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பெண் அவள். நீ ஒரு சாரி சொல்லப் பதின்மூன்று நாள் யோசிக்கிறவன். அம்மா அளவெடுத்தாள், காபி கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் அவசரக் குடுக்கை, "பையன் ஏதோ விளையாட்டுக்குப் பேசிட்டான்மா" என்று ஆரம்பித்தேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, எனக்கு அந்த ஸ்கூட்டர் புடிக்குமுங்க. பின்னாடி உக்காந்து வாரதும் ஒண்ணும் இல்லீங்க. என்ற வண்டிய விக்கிறதை என்னையக் கேக்காம ஊருக்கே சொல்லிட்டார். நாளைக்கு என்ற வேலையையும் இப்படித்தான் சொல்லுவாரோன்னு பயமா இருக்குதுங்க." அம்மா காபி டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழுகிற சத்தம் ஒரு நிமிடம் நின்றது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன், கோழை மாதிரி.

நிவேதா கிளம்பும்போது அம்மா அந்தச் சிவப்பு வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுக்குக் கிக்கர் எங்க கீது?" என்று கேட்டாள். கிக்கர் இல்லை, பட்டன் என்று நிவேதா காட்டினாள். அம்மா ஒரு விரலால் அழுத்தினாள். தெருநாய் இரண்டும் எழுந்து ஓடிவிட்டன. "உக்காருங்க அத்தை, ஒரு ரவுண்டு போலாம்" என்றாள் நிவேதா. அந்தப் பின்சீட்டை நீ பார்த்திருக்கிறாயே, சின்னப் பலகை அளவு, இத்தாலிக்காரன் பின்னால் ஆள் உட்காருவதையே விரும்பாதவன் போலிருக்கிறது. அம்மா தயங்காமல் ஏறி, இரண்டு பக்கமும் கால் போட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். திருமுல்லைவாயில் கோயில் வரை போய்த் திரும்பினார்கள். நான் கேட்டின் அருகே நின்றுகொண்டே இருந்தேன். வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்டேன். அம்மா சொன்னாள்: "காலெல்லாம் வெந்துபோச்சு, அவ்ளோ சூடு. சீட்டு முதுக ஒடிக்குது. ஆனா ஒரு வாட்டிகூட எறங்குன்னு சொல்லல." நீங்கள் வருடக்கணக்கில் மரத்தடியில் உட்கார்ந்து பழசா புதுசா என்று அலசுகிறீர்கள். இதைவிட நல்ல தீர்ப்பை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

வியாழக்கிழமை, நீ ஆபீஸ் போன பிறகு, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, பிளக்கைக் கழற்றியது, ஒரு வாரம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். இத்தனை வருடம் நெஞ்சில் கிடந்ததை இறக்கி வைக்கிறோமே, அழுவாளோ, கத்துவாளோ என்று நான் பயந்துகொண்டிருக்கிறேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?" என்று அவள் பாஷையிலேயே கேட்டுவிட்டேன், அவ்வளவு திகைப்பு.

"ரெண்டாம் நாளே தெரியும். மூடியத் தொறந்து பாத்தேன், பிளக்கு இல்ல. ஒங்க சட்டைய தோய்க்கிறவ நானு. பாக்கெட்டுல கரி கீது. எனக்கு இன்னா, கண்ணு இல்லியா?" என்றாள். மூன்றாம் நாள் ஆவடி மார்க்கெட்டுக்கு நடந்து போய், சொந்தமாக ஒரு பிளக் வாங்கியிருக்கிறாள். வண்டியின் பெட்டியிலேயே ஸ்பேனர் இருந்தது. அவளே மாட்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் பண்ணி, நான் ஃபாக்டரியில் இருக்கும்போது திருமுல்லைவாயில் கோயில் வரை போய் வந்திருக்கிறாள். மூன்று நாள். நான் வருவதற்குள் பிளக்கைக் கழற்றிக் கைப்பையில் ஒளித்து வைத்துவிடுவாள். அந்தப் பிளக்தான், பிரபு. வழியெல்லாம் எனக்கு நீட்டிய பிளக். அவளை வேலைக்குப் போகவிடாமல் நான் தடுத்ததற்குச் சாட்சியை வருடக்கணக்காக என் கையிலேயே கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள், நானும் வாங்கி மாட்டிக்கொண்டு, சீக்கிரம் எடு என்று அதட்டியிருக்கிறேன்.

"அப்ப வேலைய ஏன் வேணாம்னு சொன்ன? ஓட்டத் தெரிஞ்சதே?" என்று கேட்டேன். அவள் கீரைக்கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "கோயிலுக்கு ஒளிஞ்சி ஒளிஞ்சி போலாம். வேலைக்கு ஒளிஞ்சி ஒளிஞ்சி போவ முடியுமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். நான் அழுதேன். இதையும் எழுதிவிடுகிறேன், உங்கள் குழுவில் எல்லாரும் படிக்கட்டும்.

இன்னொன்றும் சொன்னாள். அந்த மூன்று நாளும் உன்னை முன்னால் நிற்க வைத்துக்கொண்டுதான் போயிருக்கிறாள். ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நீ வழியெல்லாம் ஹாரன் அடித்தாயாம். அப்பாவிடம் சொல்லாதே என்று சொன்னாளாம், நீ சொல்லவில்லை. நாலு வயதில் அவ்வளவு பெரிய ரகசியத்தைக் காப்பாற்றியவன், முப்பது வயதில் கட்டிக்கப்போகிறவளிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை ஊருக்கு முன்னால் அறிவிப்பாகப் போடுகிறாய். அந்த வண்டி அம்மா கைக்கு ஓடியதைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி நீதான். மறந்துவிட்டாய், தப்பில்லை. நீ காலேஜில் சேர்ந்த வருடம் அம்மாவுக்கு லைசென்ஸ் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? கியர் வண்டியில் முதல் தடவையிலேயே கால் ஊன்றாமல் எட்டு போட்டுவிட்டாள் என்று வீட்டுக்கு வந்து ஆச்சரியப்பட்டாயே. எப்படிம்மா என்று நீ கேட்டபோது, சைக்கிள் ஓட்டின பழக்கம் என்றாள். நான் அப்போதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த லைசென்ஸை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றியதே, அந்தப் பிள்ளை எங்கே போனான் என்றுதான் இரண்டு வாரமாக எனக்கு எரிச்சலாக வருகிறது. உன்மேல் நம்பிக்கை இல்லாவிட்டால் இவ்வளவு எரிச்சல் வராது.

ஆகவே உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் சொல்லப்போகிறேன், அப்பன் என்றால் அப்படித்தான். பழசு உசத்தியா புதுசு உசத்தியா என்று அவளோடு ஆயுசு முழுக்கச் சண்டை போடு, அது நல்ல சண்டை. உன் ஸ்கூட்டரின் அழகை நான் இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு வருடம் துரு சுரண்டி, பெயின்ட் அடித்து, நான் தார்ப்பாய் போட்டு மூடி மறந்ததை எழுப்பி நிறுத்தினாய். அவள் வண்டியின் சூட்டையும் நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் யார் எதை ஓட்டுவது, எதை விற்பது என்பதை அவளவள் வாயால் சொல்லட்டும். அவள் சாவி கேட்டால் சாவியைக் கொடு. உதைத்துப் பார்த்து ஆகவில்லை என்றால் சிரிக்காதே. ஒரே உதையில் ஆகிவிட்டால் அதைவிட முக்கியம், அப்போது உன் முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள். என்னால் முடியாமல் போனது அந்த ஒரு நிமிடம்தான்.

இதுவரை நேற்று எழுதியது. இது ஞாயிறு காலை, ஏழு மணி ஆகவில்லை. அம்மா குளித்து, நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். முகப்பேருக்குப் போகிறோம், நிவேதா வீட்டுக்கு. "கெஞ்சறதுக்கு இல்ல. என் கதைய அந்தப் பொண்ணு தெரிஞ்சிகினு முடிவு பண்ணட்டும். வேணாம்னு சொன்னா அதுவும் சரிதான்" என்கிறாள் அம்மா. நீ ஆபீஸ் போகிற பைக்கின் சாவியையும் கையோடு எடுத்துப் போகிறோம், தேடாதே. பஸ்ஸில் வா. இரண்டு பஸ் மாற வேண்டும். மாறி வந்து பார். அவள் கதவைத் திறந்தால் முதலில் மன்னிப்புக் கேள், ஸ்கூட்டரைப் பற்றி அப்புறம் பேசு. வருகிற ஞாயிறு அந்த மரத்தடியில், அதே ஆட்கள் முன்னால், நீ சொன்னதை நீயே திருத்து. நானும் வந்து பக்கத்தில் நிற்கிறேன், இந்தத் தடவை தலையாட்ட மாட்டேன், என் பங்கை நானே சொல்கிறேன்.

வெளியே அம்மா ஸ்கூட்டரை இறக்கிவிட்டாள். சாய்க்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. ஒரே உதை. சத்தம் கேட்டு நீ புரண்டு படுத்திருப்பாய். கைப்பையை என்னிடம் கொடுத்து மடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள், கனமாக இருக்கிறது, பிளக் உள்ளேதான் இருக்கிறது. அந்த வண்டியில் நான் பின்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. எதைப் பிடித்துக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. வாழ்நாளெல்லாம் நான் இறங்கு, இறங்கு என்று சொன்னவள், ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "ஏறுங்க, நேரமாவுது" என்கிறாள். இட்லியை ஆற விடாதே. நான் போகிறேன்.

அப்பா